உஷார்! மூடியில் நாலு ஓட்டை போதாது

பள்ளி விடுமுறை விட்டதும் பிள்ளைகளின் நச்சரிப்பு தாங்காமல் வீட்டுக்கு ஒரு ஹாம்ஸ்டர் வந்து சேர்கிறது. கூண்டு விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. உடனே யாராவது ஒருவர், "கூண்டு எதுக்குங்க? துணி வைக்கிற பிளாஸ்டிக் பெட்டி போதும், மூடியில நாலு ஓட்டை போட்டுருங்க" என்று யோசனை சொல்வார். பெட்டியில் வளர்ப்பதில் தப்பே இல்லை. அந்த நாலு ஓட்டையில்தான் உயிர் போகிறது!

தூசியும் ஈரமும் பூச்சியும் உள்ளே வராமல் இருக்கத்தான் அந்தப் பெட்டியையே செய்கிறார்கள். காற்றை நிறுத்துவதுதான் அதன் வேலை. காய்ச்சிய கம்பியால் குத்திய நாலு துளை அந்த வேலையைக் கெடுத்துவிடாது. காலையில் எழுந்ததும் பெட்டியின் பக்கச் சுவரைப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்துப்போய், விரல் வைத்தால் கோடு விழும். மூடியைத் திறந்தால் குப்பென்று ஒரு நெடி மூக்கில் ஏறும். மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா அது. நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம். ஹாம்ஸ்டருக்கு அந்த ஈரப் படுக்கைக்குள்தான் ராத்திரி முழுக்க மூச்சு. சளி, மூச்சிரைப்பு என்று கிளம்பினால் அவ்வளவு சின்ன உடம்பு அதிக நாள் தாங்காது.

வெயில் இதைவிட மோசம். 'சிரியா பக்கத்துப் பிராணிதானே, நம்ம ஊர் வெயிலைத் தாங்காதா?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தாங்காது. 1930-இல் அலெப்போ அருகே ஒரு தாயையும் குட்டிகளையும் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் பிடித்துவந்தார். இன்று வீடுகளில் வளரும் சிரிய ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை அந்தக் குடும்பத்தின் வாரிசுகள். அவை கிடைத்தது மண்ணைத் தோண்டித்தான்! பகல் வெயிலுக்கு வளைக்குள் பதுங்கிப் பிழைக்கிற ஜீவன் அது. 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் அதற்குச் சுகம். 30-ஐத் தாண்டினாலே திண்டாட்டம். மே மாதச் சென்னையில் 40 டிகிரி அடிக்கும்போது, பால்கனி வெயில் படுகிற கண்ணாடி போன்ற பெட்டிக்குள் என்ன ஆகும்? மேலே ஃபேன் ஓடுகிறதே என்று நம்பியும் இருக்காதீர்கள். நம்மைப்போல வியர்வை காய்ந்து குளிர்கிற உடம்பு இல்லை அதற்கு. வீட்டிலேயே குளிர்ச்சியான மூலை, கவிழ்த்து வைத்த ஒரு மண்சட்டி, துணியில் சுற்றிப் பெட்டியோரமாக வைத்த ஐஸ் பாட்டில், இவையே உதவும்.

ஆகவே துளையை விடுங்கள், ஜன்னலே வெட்டுங்கள். மூடியில் முக்கால் பாகம், ஒரு பக்கச் சுவரிலும் பெரிதாக ஒன்று. கத்தியை அடுப்பில் காய்ச்சி அறுக்க வேண்டாம். அந்தப் புகை உங்களுக்கும் ஆகாது. டிரில்லில் மூலைகளில் துளையிட்டு, ஹேக்சா பிளேடால் நிதானமாக அறுங்கள். வேகமாக அழுத்தினால் பெட்டி விரிசல் விட்டுவிடும். அறுத்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழமழவென்று ஆக்குங்கள்.

இங்கேதான் அடுத்த ஏமாற்று. ஜன்னலுக்குக் கொசுவலை ஒட்டுகிறார்கள்! ஹாம்ஸ்டரின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பவை. எதையாவது கடித்தாக வேண்டும். நைலான் வலை ஒரு ராத்திரிக்குத் தாங்கினால் பெரிது. க்ளூ, கேபிள் டை எல்லாம் அதற்குத் தின்பண்டம். ஹார்டுவேர் கடையில் வெல்டு மெஷ் கேளுங்கள். சிரிய வகைக்கு அரை அங்குலக் கண், குட்டி வகைக்குக் கால் அங்குலம். போல்ட், நட், வாஷர் போட்டு உள்பக்கமாகவே இறுக்குங்கள். அப்போதுதான் வெட்டிய விளிம்பில் பல் படாது. கம்பி முனைகளை மடக்க மறந்தால் பாதம் கிழியும்.

பரணிலிருந்து இறக்கிய பழைய பெட்டியா? முகர்ந்து பாருங்கள். பட்டுப்புடவையோடு அந்துருண்டை போட்டு வைத்ததென்றால் வேண்டவே வேண்டாம். அந்த வாடை பிளாஸ்டிக்கிலேயே ஊறியிருக்கும், எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது. எறும்பு வருகிறதென்று பெட்டியைச் சுற்றி எறும்பு சாக்பீஸ் கோடு போடுவதும் அப்படித்தான், அது பூச்சிக்கொல்லி. பெட்டியை ஒரு ஸ்டூலில் வைத்து, அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் போதும். படுக்கைக்குப் பஞ்சு போடாதீர்கள், காலில் சுற்றி இறுக்கிவிடும். மர அறுவை மில் தூளும் வேண்டாம். அச்சடிக்காத காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. ஜெர்மனியின் விலங்குநல கால்நடை மருத்துவர்கள் சங்கம் சொல்லும் குறைந்தபட்சம் 100 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம். கடையில் 'பெருசு' என்று காட்டுகிற பெட்டிகளில் பலவும் அதில் பாதியைத்தான் தொடும்.

ஒருநாள் மத்தியானம் அது துவண்டு, வாயோரம் எச்சில் ஒழுக, தட்டையாகப் படுத்துக் கிடந்தால் தூங்குகிறது என்று விட்டுவிடாதீர்கள். குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றி, சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் காதையும் பாதத்தையும் ஒற்றுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கவே கூடாது. வாயில் தண்ணீரை ஊற்றவும் கூடாது. உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். ஆனால் பல கிளினிக்குகளில் நாய், பூனைதான் பார்ப்பார்கள். உங்கள் பகுதியில் ஹாம்ஸ்டர் பார்க்கிற டாக்டர் யார் என்பதைப் பெட்டி வாங்கப் போவதற்கு முன்பே விசாரித்து, நம்பரைப் போனில் ஏற்றிவிடுங்கள்.