வன்தட்டைப் பிணைக்கும் சிறு திருகாணிகள்

பள்ளிகளிலும் வெளிக்கள அலுவலகங்களிலும் கணிப்பொறி பழுதுறுங்கால், அதனுள் இருக்கும் வன்தட்டை மாற்ற வேண்டிய நிலை அடிக்கடி நேர்கின்றது. புதிய தட்டு தபாலில் வந்து சேர்ந்துவிடும். அதனைப் பெட்டியில் பிணைப்பதற்குரிய நான்கு திருகாணிகள் மட்டும் அநேகமாக வருவதில்லை. மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய திருகாணிகளுள் நான்கைப் பொறுக்கி முடுக்கிவிடுவதே வழக்கம். பார்வைக்கு அவை யாவும் ஒன்றுபோலத் தோன்றினும் இரு வேறு இனங்களைச் சேர்ந்தவை. ஒன்றிற்குரிய துளையில் மற்றொன்றை வலிந்து செலுத்தினால் தட்டின் துளை மீளாவண்ணம் கெட்டுவிடும்.

காதணியின் திருகாணியை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஒரு தட்டான் கடைந்த திருகு மற்றொரு தட்டான் செய்த தோட்டிற்குப் பொருந்துவதில்லை. இங்கு வேறுபடுவன இரு நாட்டுத் தட்டார்கள் அல்லர். இரு அளவை முறைகள்.

மேசைக் கணிப்பொறியில் வழங்கும் மூன்றரை அங்குல வன்தட்டு 6-32 என்னும் அங்குலத் திருகாணியைக் கொள்வது. இதில் 32 என்பது ஓர் அங்குல நீளத்தில் அமையும் புரிகளின் எண்ணிக்கை. 6 என்பது பருமனைக் குறிக்கும் எண். 0.060 அங்குலத்துடன் எண் ஒவ்வொன்றிற்கும் 0.013 அங்குலம் கூட்டினால் விட்டம் கிடைக்கும். ஆகவே ஆறாம் எண்ணின் விட்டம் 0.138 அங்குலம், அதாவது ஏறக்குறைய 3.5 மில்லிமீட்டர். இரண்டரை அங்குலத் தட்டு, அதே வடிவிலமைந்த திண்மநிலைத் தட்டு, குறுந்தட்டு இயக்கி ஆகியவையோ எம்3 என்னும் மெட்ரிக் திருகாணியைக் கொள்வன. அதன் விட்டம் 3 மில்லிமீட்டர். ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையே 0.5 மில்லிமீட்டர். 6-32 இனத்தில் இவ்விடைவெளி ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர்.

மூன்றரை அங்குலம் என்ற பெயரை நம்பி அளவுகோலை வைப்பவர் ஏமாறுவர். அத்தட்டின் அகலம் 101.6 மில்லிமீட்டர், சரியாக நான்கு அங்குலம்.

இந்த இரட்டை வழக்கிற்கு நீண்ட வரலாறு உண்டு. 1841இல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 55 பாகைக் கோணமுடைய புரியை வகுத்தார். 1864இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகைக் கோணத்தை முன்மொழிந்தார். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் யந்திர உறுப்புகள் ஒன்றிற்கொன்று மாற்றிப் பொருத்த இயலாமற் போனமையால் பெருந்தொல்லை விளைந்தது. 1948 நவம்பர் 18ஆம் நாள் அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்றும் ஒன்றுபட்ட புரிமுறையை ஏற்றன. 6-32 அம்முறையைச் சார்ந்தது. நம் நாட்டில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் அளவைகள் நிலைபெற்றன. எனினும் வன்தட்டுகள் அமெரிக்கத் தொழிலில் பிறந்து வளர்ந்தவை. ஆதலின் அங்குலப் புரி இன்றும் நம் மேசைமீது இருந்துகொண்டே இருக்கின்றது.

இனங்காணும் முறைகளுள் மிக எளியது இது. இனம் தெரிந்த ஒரு திருகாணியையும் ஐயத்திற்குரிய ஒன்றையும் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்து வெளிச்சத்திற்கு நேரே உயர்த்துக. புரிகள் ஒன்றனுள் ஒன்று படிந்து இடையே ஒளி புகாதிருப்பின் இரண்டும் ஓரினம். ஒளிக்கீற்று தெரியின் வேற்றினம். ஒப்பிட வேறு திருகாணி இல்லையேல் அளவுகோலில் 5 மில்லிமீட்டர் நீளத்திற்குள் உள்ள புரிகளை உருப்பெருக்கியின் துணைகொண்டு எண்ணலாம்: எம்3இல் பத்து இருக்கும், 6-32இல் ஆறுக்குச் சற்று மிகும். புரியிடைவெளி என்னும் கருத்தை எட்டாம் வகுப்பு மாணவர்க்கு விளக்க இதனினும் மலிவான கருவி ஆசிரியர்க்குக் கிடைப்பது அரிது.

தவறான சேர்க்கைகள் இரண்டும் ஒரே தன்மையின அல்ல. எம்3ஐ 6-32 துளையில் இட்டால் பிடிப்பின்றி ஆடும். நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழலும் தட்டு அதிர்வைப் பொறுக்காது. படிப்பதிலும் எழுதுவதிலும் பிழைகள் தோன்றலாம். கழன்று விழும் திருகாணி மின்சுற்றுப் பலகையின்மேல் கிடந்து மின்குறுக்கை உண்டாக்குவதும் உண்டு. 6-32ஐ எம்3 துளையில் இடுவதோ அதனினும் தீது. ஒரு சுற்றுக்குமேல் அது செல்லாது. திருப்புளியால் வலிந்து திருகுவோமாயின், தட்டின் உடல் மென்மையான அலுமினிய வார்ப்பாதலால் அதன் புரிகள் அறுபட்டுப் போகும். விரலால் இரண்டு மூன்று சுற்றுத் தடையின்றி இறங்கிய பின்னரே திருப்புளியைக் கையிலெடுக்க வேண்டும். நீளமும் கருதத்தக்கது, மிக நீண்ட திருகாணி உள்ளிருக்கும் பலகையைத் தொட்டுப் பழுதாக்கக்கூடும்.

அண்மைக் காலத்து எம்.2 என்னும் மெல்லிய பலகை வடிவத் தட்டுகளுக்கு ஒரே ஒரு திருகாணிதான். பெரும்பாலும் 2 மில்லிமீட்டர் விட்டமுடைய எம்2. 22 மில்லிமீட்டர் அகலமும் பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட அப்பலகையைச் செருகியதும் மறுமுனை தானே மேலெழும்பி நிற்கும். அதனைத் தாழ்த்தித் திருகாணியால் நிறுத்த வேண்டும். எம்3 அங்கு நுழையவே நுழையாது. இச்சிறு திருகாணி தாய்ப்பலகையுடன் வருவதேயன்றித் தட்டுடன் வருவது அரிது. ஆகவே பழைய தாய்ப்பலகையைக் கழிக்கும்போது அதனைக் கழற்றிச் சிறு உறையில் இட்டுப் பெயரெழுதி வைத்தல் நன்று.

துளை ஒன்று முன்னரே கெட்டிருப்பின் தட்டை எறிந்துவிட வேண்டுவதில்லை. மூன்றரை அங்குலத் தட்டிற்குப் பக்கங்களிலும் அடியிலும் துளைகள் உண்டு. பெட்டியின் அமைப்பு இடந்தருமாயின் வேறொன்றைக் கொள்ளலாம். பெருங்கொள்ளளவுடைய சில புதிய தட்டுகளில் பக்கத்தின் நடுத்துளை இராது. பசைநாடாவால் ஒட்டி நிறுத்த முயல்வோர், காற்றுத் துளையுடைய தட்டுகளில் அதனை மூடிவிடாமற் பார்த்துக்கொள்க. மூடலாகாது என்னும் எச்சரிக்கை அதன் அருகிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.