நொங் கியாவ்: பாதையை விட்டு விலகக்கூடாத மலை

செமஸ்டர் விடுமுறை என்றால் தாய்லாந்து, பாலி என்று திட்டமிடும் நம்மில் பலருக்கு லாவோஸ் நினைவுக்கு வருவதில்லை. ஆசியானில் நம்மோடு இருக்கும் நாடு அது. மலேசியக் கடப்பிதழ் இருந்தால் 30 நாள் வரை விசா இன்றித் தங்கலாம்.

லாவோஸின் வடக்கே, லுவாங் பிரபாங் நகரிலிருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர் தொலைவில், 'நாம் ஊ' ஆற்றங்கரையில் அமைந்த அமைதியான கிராமம் நொங் கியாவ். லாவோ மொழியில் 'நாம்' என்றால் நீர். வேனில் மூன்று, நான்கு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். ஆற்றின் குறுக்கே ஒரு பாலம், கரையோரம் படகுகள், சுற்றிலும் செங்குத்தான சுண்ணாம்புக்கல் மலைகள். பத்துமலையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தப் பாறைகள் அந்நியமாகத் தெரியாது.

மலையேறிகள் இங்கு வருவது காட்சி முனைகளுக்காக. அவற்றுள் புகழ்பெற்றது பா டெங். காட்டுக்குள் செல்லும் செங்குத்தான பாதையில் சுமார் ஒன்றரை மணி நேரம் ஏற வேண்டும். புரோகா மலை ஏறிப் பழகியவர்களுக்கும் மூச்சு வாங்கும். கடந்த டிசம்பரில் நண்பர்கள் மூவருடன் அங்கு ஏறினேன். குளிர்கால விடியற்காலையில் பள்ளத்தாக்கு முழுவதும் மூடுபனி நிறைந்திருந்தது. வெயில் ஏற ஏற அது விலகி, ஆறும் பாலமும் மெல்லத் தெரிந்தன. மார்ச், ஏப்ரல் மாதங்களில் போவதைத் தவிர்க்கவும். விளைநிலங்களுக்காகக் காட்டை எரிக்கும் காலம் அது. புகைமூட்டம் காட்சியை மறைத்துவிடும்.

பா டெங் பாதையில் ஓர் எச்சரிக்கை உண்டு: பாதையை விட்டு விலகாதீர்கள். நம் நாட்டு மலைகளில் வழி தவறிவிடக் கூடாது என்பதற்காக இப்படிச் சொல்வார்கள். இங்கே காரணம் வேறு. மண்ணுக்குள் இன்னும் வெடிக்காத குண்டுகள் இருக்கலாம்.

வியட்நாம் போரைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். அதே காலத்தில், 1964 முதல் 1973 வரை, அமெரிக்கா லாவோஸ் மீது 20 லட்சம் டன்னுக்கும் அதிகமான குண்டுகளை வீசியது. அவற்றுள் பல, கொத்துக் குண்டுகள். ஒவ்வொன்றும் வானில் பிரிந்து நூற்றுக்கணக்கான சிறு குண்டுகளைச் சிதறவிடும். அவற்றில் 30 விழுக்காடு வரை வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டதாக மதிப்பிடப்படுகிறது. பந்து அளவே இருப்பதால், பிள்ளைகள் விளையாட்டுப் பொருள் என்று எடுத்துவிடுகிறார்கள். போர் முடிந்த பிறகு மட்டும் 20,000க்கும் மேற்பட்டோர் இறந்தோ காயமடைந்தோ உள்ளனர்.

கிராமத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் பா தோக் குகைகள் உள்ளன. குண்டுவீச்சின்போது மக்கள் தஞ்சம் புகுந்தது அங்குதான். மலை உச்சியில் நின்று ரசிக்கும் அதே சுண்ணாம்புக்கல்தான் ஒரு தலைமுறையின் உயிரைக் காத்தது.

நமக்கு இந்த எச்சரிக்கை சில மணி நேரத்துக்குத்தான். பாதையிலேயே ஏறி, பாதையிலேயே இறங்கிவிடலாம். ஆனால் விவசாயி பாதையிலேயே நிற்க முடியாது. நெல் விதைக்க அவர் மண்ணைக் கிளறியாக வேண்டும். அதனால்தான் 2016-இல் லாவோஸ், ஐக்கிய நாடுகளின் 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளோடு, வெடிக்காத குண்டுகளிலிருந்து உயிர்களைக் காப்பதைத் தனது 18-ஆவது இலக்காகச் சேர்த்துக்கொண்டது.

மாணவர்களே, அங்கே போனால் நல்ல காலணி, போதிய குடிநீர், விடியலுக்கு முன் ஏறுவதானால் தலைவிளக்கு ஆகியவை அவசியம். புதிய பாதைகளுக்கு உள்ளூர் வழிகாட்டியை அமர்த்துங்கள். உங்கள் பணம் கிராமத்திலேயே தங்கும். திரும்பும் வழியில் தலைநகர் வியந்தியானில் உள்ள 'கோப்' பார்வையாளர் மையத்துக்கும் செல்லுங்கள். குண்டுகளால் கை கால் இழந்தவர்களுக்குச் செயற்கை உறுப்புகள் கிடைக்க உதவும் அமைப்பு அது. மலையில் எடுத்த படங்களோடு, அந்த மண்ணின் வரலாற்றையும் நண்பர்களிடம் பகிருங்கள்.