கேட்டது கிடைக்கவில்லையா? காவிரிக் கரையில் கிடைக்கும் பதில்!

கல்லணையைத் தாண்டி வரும் காவிரி, திருக்காட்டுப்பள்ளிக்கு வந்ததும் குடமுருட்டியைத் தனியே பிரித்து அனுப்புகிறது. இந்த ஊர்க்காரர்களுக்கு ஜூன் மாதம் என்றாலே ஒரே கேள்விதான். ‘மேட்டூர் திறப்பாங்களா?’ ஜூன் 12-ல் அணை திறந்தால் குறுவை உண்டு. இல்லையென்றால் சம்பா ஒன்றுதான் கதி. அதுவும் பொய்த்துவிட்டால், நகை அடகுக்கடையிலும் மனது கோயில் வாசலிலும் போய் நிற்கும்.

2016-ஆம் ஆண்டு அப்படித்தான் ஆனது. மேட்டூர் அணை திறக்கப்பட்டது செப்டம்பர் 20-ல். தாமதமானாலும் தண்ணீர் வந்ததே என்று நம்பி விதைத்தார்கள். வடகிழக்குப் பருவமழையோ வழக்கத்தில் பாதிகூடப் பெய்யவில்லை. கதிர் வரவேண்டிய நேரத்தில் பயிர் கருகியது. 2017 ஜனவரியில், பொங்கலுக்குச் சில நாள்களுக்கு முன்பு, தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. காய்ந்த வயலைப் பார்த்து மனமுடைந்து இறந்த உழவர்களின் செய்திகள் நாளிதழ்களில் தொடர்ந்து வந்த காலம் அது.

அந்த ஆண்டு டெல்டாவில் வேண்டிக்கொள்ளாத வீடு இருந்திருக்குமா? வேண்டியும் மழை வரவில்லையே, பிறகு எதற்குப் பிரார்த்தனை? நியாயமான கேள்விதான். இதற்குப் பதிலாக ஒரு வாழ்க்கையே இருக்கிறது. அந்த வாழ்க்கைக்கு உரியவர், இதே திருக்காட்டுப்பள்ளிக்கு வந்து பதிகம் பாடியவர். அவர்தான் அப்பர் என்னும் திருநாவுக்கரசர்.

தீயும் தேடி வந்த தலம்

திருக்காட்டுப்பள்ளியில் அருளும் இறைவனுக்கு அக்னீஸ்வரர், தீயாடியப்பர் என்று பெயர்கள். அம்பிகை சௌந்தரநாயகி. தன்னைத் தொட்டதெல்லாம் சாம்பலாகிறதே என்ற பழி நீங்க, அக்னி பகவான் இங்கே தீர்த்தம் உண்டாக்கி வழிபட்டார் என்கிறது தலபுராணம். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம் இது. உறவும் செல்வமும் உடலும் நம்மை விட்டுப் போவதற்கு முன்பே காட்டுப்பள்ளி நாதனை நாடுங்கள் என்பதே அப்பரின் பதிகம் சொல்லும் சேதி. இழப்பை வீட்டுக்குள்ளேயே பார்த்து வளர்ந்தவர் அவர்.

அக்காவின் பிரார்த்தனை

ஏழாம் நூற்றாண்டு. ஊர் திருவாமூர். அப்பரின் அக்கா திலகவதியாருக்குக் கலிப்பகையார் என்ற படைத்தலைவரை நிச்சயம் செய்திருந்தார்கள். அவர் போருக்குப் போன சமயத்தில் தந்தை புகழனார் இறந்தார். தாய் மாதினியாரும் உடன் சென்றார். அந்தக் கண்ணீர் காய்வதற்குள், கலிப்பகையார் போரில் மாண்ட செய்தி வந்தது. திலகவதியாரும் உயிரை விடத் துணிந்தார். ‘நீங்களும் போய்விட்டால் எனக்கு யார்?’ என்று தம்பி காலில் விழுந்து கதற, அவருக்காகவே உயிரோடு இருக்கச் சம்மதித்தார்.

யாருக்காக வாழச் சம்மதித்தாரோ, அந்தத் தம்பியும் பிறகு பிரிந்து போனார். சமண சமயத்தில் சேர்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு உயர்ந்த இடத்தில் இருந்தார். திலகவதியார் திருவதிகை சென்றார். விடியும் முன் எழுந்து கோயிலைக் கூட்டி, மெழுகி, பூப்பறித்து மாலை கட்டுவார். ‘தம்பியை மீட்டுத் தாருங்கள்’ என்று தினமும் ஈசனிடம் கேட்பார். ஒருநாள் ஈசன் கனவில் வந்து, தம்பியைச் சூலை நோய் தந்து ஆட்கொள்வேன் என்றார்.

வயிற்றைக் குடையும் வலி தருமசேனரைப் பிடித்தது. எந்த மருத்துவமும் கேட்கவில்லை. கடைசியில் அக்காவின் வாசலுக்கே வந்து சேர்ந்தார். அவர் திருநீறு தந்து, விடியற்காலையில் சந்நிதிக்கு அழைத்துப் போனார். தம்பி பாடினார், வலி நின்றது.

இந்தக் கதையில் கலிப்பகையார் திரும்பி வரவில்லை. பெற்றோரும் வரவில்லை. எத்தனை வேண்டினாலும் சில இழப்புகள் இழப்புகளாகவே இருக்கின்றன. பதில் வந்தபோதும் அது ஒரு நோயின் வடிவத்தில்தான் வந்தது. ஆனால் அந்தப் பதில் வரும் வரைக்கும் திலகவதியாரை விழாமல் பிடித்து வைத்திருந்தது, காலையில் எடுத்த அந்தத் துடைப்பமும் பூக்கூடையும்தான்.

கயிலைக்குப் போன கால்கள்

முதுமையில் அப்பருக்கு ஓர் ஆசை. கயிலையைப் பார்க்க வேண்டும். நடந்தார். கால் தேய்ந்ததும் கையால் ஊர்ந்தார். பிறகு உருண்டார். முனிவர் உருவில் வந்த ஈசன், திரும்பிப் போகச் சொன்னார். அப்பர் மறுத்தார். ‘இந்தப் பொய்கையில் மூழ்கு, திருவையாற்றில் நம்மைக் காண்பாய்’ என்றார் ஈசன். மூழ்கி எழுந்தபோது அவர் நின்றது திருவையாற்றுக் குளத்தில். எதிரே களிறும் பிடியுமாக, சேவலும் பேடையுமாக எல்லா உயிர்களும் சிவசக்தியாகவே தெரிந்தன. ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் நடக்கும் கயிலைக் காட்சி விழா இதன் நினைவாகத்தான்.

அப்பர் கேட்டது இமயத்தின் உச்சியை. கிடைத்தது சொந்தக் காவிரிக் கரையில், திருக்காட்டுப்பள்ளியிலிருந்து கிழக்கே ஆற்றோடு போனால் வரும் ஊரில். கேட்ட இடத்தில் கிடைக்கவில்லை என்பதற்காக, கிடைக்கவே இல்லை என்று ஆகிவிடாது.

கையும் சேர்ந்து கும்பிடட்டும்

அப்பர் படத்தைப் பாருங்கள். கையில் உழவாரம் இருக்கும். வாயால் பாடிக்கொண்டே, கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கியவர் அவர். டெல்டா உழவரும் அப்படித்தான். சாமி கும்பிட்டுவிட்டு மண்வெட்டியோடு வரப்புக்குப் போகிறார். வேண்டிக்கொண்ட கையோடு பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டுவதும், கடன் எவ்வளவு என்று மனைவியிடம் மறைக்காமல் சொல்வதும் நம்பிக்கைக்கு விரோதமான காரியங்கள் இல்லை. திலகவதியாரை அன்று உயிரோடு நிறுத்தியது தம்பியின் ஒரு கதறல். துவண்டு கிடப்பவர் பக்கத்தில் போய் உட்காருவதும் பிரார்த்தனைதான். மனது தாங்கவில்லை என்றால் 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் பேசலாம்.

ஊரிலிருந்து சற்றுத் தொலைவில் பூண்டி மாதா பேராலயம். 1999-ல் பசிலிக்கா என்ற சிறப்பைப் பெற்றது. அங்கே மெழுகுவத்தி ஏற்றுபவர்களில் நெற்றியில் திருநீறு பூசியவர்களும் உண்டு. கஷ்டம் வரும்போது இந்தக் கரை மக்கள் எந்த வாசலிலும் தயங்கி நிற்பதில்லை.

2020-ல், எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஜூன் 12 அன்றே மேட்டூர் திறந்தது. குடமுருட்டியில் மறுபடி தண்ணீர் ஓடியது. அதன் பிறகும் தாமதமான ஆண்டுகள் வந்தன, இனியும் வரும். தண்ணீர் வந்த ஆண்டு நன்றி, வராத ஆண்டு வேண்டுதல். தீயாடியப்பர் சந்நிதியில் விளக்கு மட்டும் இரண்டு ஆண்டிலும் எரிகிறது.

எப்படிச் செல்வது?
தஞ்சாவூரிலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில் உள்ளது திருக்காட்டுப்பள்ளி. பேருந்து வசதி உண்டு. அருகிலுள்ள ரயில் நிலையம் பூதலூர்.