உடம்பை அளந்து கட்டும் படகு

கிரீன்லாந்தில் ஒரு கயாக்கின் அளவுகள் அதில் உட்காரப்போகிறவரின் உடம்பிலிருந்தே வருகின்றன. இரு கைகளையும் விரித்து நின்றால் விரல்நுனியிலிருந்து விரல்நுனி வரை ஒரு பாகம். நம் கடற்கரை மீனவர்கள் ஆழம் சொல்லப் பயன்படுத்தும் அதே பாகம்தான். அப்படி மூன்று பாகம் படகின் நீளம். இடுப்பின் அகலத்தோடு இரண்டு முஷ்டியைச் சேர்த்தால் படகின் அகலம். தொடைகளுக்கு மேலே குறுக்காக வளைந்து நிற்கும் சட்டத்துக்கு மாசிக் என்று பெயர். முஷ்டியை மடக்கிக் கட்டைவிரலை நீட்டினால் வரும் அளவே அங்கே படகின் உயரம். ஊருக்கு ஊர் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். முடிவில் கிடைப்பது ஐந்து மீட்டரை ஒட்டிய நீளமும் அரை மீட்டர் அகலமும் கொண்ட, அளவெடுத்துத் தைத்த சட்டை போல ஒருவருக்கே பொருந்துகிற படகு.

இந்த இறுக்கம் உயிர் காக்கும் ஏற்பாடு. கயாக் கவிழ்ந்தால் உள்ளே இருந்தபடியே உடலைச் சுழற்றி அதை நிமிர்த்த வேண்டும். தொடை மாசிக்கை அழுத்திப் பிடித்தால்தான் இடுப்பின் அசைவு படகுக்குப் போய்ச் சேரும். பனிக்கட்டி மிதக்கும் கடலில் நீந்திக் கரையேற அவகாசம் கிடைக்காது. பிரிட்டிஷ் ஆய்வுப் பயணி ஜினோ வாட்கின்ஸ் 1930-31இல் கிழக்கு கிரீன்லாந்தில் தங்கியிருந்தபோது உள்ளூர் வேட்டைக்காரர்களிடம் இந்த வித்தையைக் கற்றுத் தேர்ந்தார். அப்படிப்பட்டவரும் 1932 ஆகஸ்டில் தனியாகச் சீல் வேட்டைக்குப் போய்த் திரும்பவில்லை. அவருடைய கயாக் மட்டும் மிதந்து கிடைத்தது. அப்போது அவருக்கு 25 வயது.

மரச்சட்டக் கயாக் கட்டுவதில் இறங்குகிற பலரும் அருங்காட்சியகத்தில் உள்ள பழைய படகு ஒன்றின் வரைபடத்தை எடுத்துக்கொண்டு, மில்லிமீட்டர் பிசகாமல் நகலெடுப்பதையே மரபுக்குச் செய்யும் மரியாதை என்று கருதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் படகு எப்போதோ வாழ்ந்த ஒருவரின் இடுப்பளவு, அவருடைய கைநீளம், அவர் ஊர்க் கடலின் அலை. அதைக் கட்டியவரே அடுத்த படகில் எதையாவது மாற்றியிருப்பார். திருத்திக்கொண்டே போவதுதான் இந்தத் தொழிலின் மரபு. படகின் கட்டுமானமே அதற்கு இடம் கொடுக்கிறது.

கட்டுமானத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கிரீன்லாந்தில் படகுக்கு ஏற்ற மரம் வளர்வதில்லை. சைபீரிய ஆறுகள் அடித்துக்கொண்டு வரும் ஊசியிலை மரங்கள் வடதுருவக் கடலில் கலந்து, பனிக்கட்டியோடு நகர்ந்து, பல ஆண்டுகள் கழித்து கிரீன்லாந்துக் கரையில் ஒதுங்கும். அந்த ஒதுங்கு மரம்தான் மூலப்பொருள். படகின் இரு பக்கமும் முழு நீளத்துக்கு ஓடும் மேல்விளிம்புச் சட்டங்கள் இரண்டும் முதுகெலும்பு மாதிரி. அவற்றைக் குறுக்குச் சட்டங்கள் இணைக்கும். விளிம்புச் சட்டத்தின் அடிப்புறத்தில் வரிசையாகத் துளையிட்டு, வளைத்த விலாக்கட்டைகளை அதில் செருகுவார்கள். பிறகு நடுவில் அடிச்சட்டம், அதன் இரு பக்கமும் ஒவ்வொரு நீளச்சட்டம். இத்தனையும் மரமுளையாலும் கட்டுக்கயிற்றாலும் மட்டுமே நிற்கும்.

விலாவை வளைப்பதுதான் நெஞ்சு படபடக்கும் வேலை. பழைய கட்டுநர்கள் ஊறவைத்த மரத்தைப் பல்லால் வரிசையாகக் கடித்து, வளைவின் உட்புறத்து நாரை நசுக்கிக்கொண்டே வளைத்தார்கள். உட்புறம் நசுங்கி இடம் கொடுத்தால் வெளிப்புறம் இழுபட்டு ஒடியாது. இன்றைய பட்டறைகளில் நீராவிப் பெட்டி அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் மரத்தின் குணம் மாறவில்லை. சூளையில் உலர்த்திய ஓக் மரம் எவ்வளவு நேரம் நீராவியில் கிடந்தாலும் பெரும்பாலும் படாரென்று ஒடிந்துவிடும். ஈரம் காயாத, நார் நேராக ஓடுகிற பச்சை மரம் வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்த சில நொடிகளுக்குள் வளைத்து முடித்துவிட வேண்டும்.

ஆணி ஏன் இல்லை? இரும்பு கிடைக்காத காலத்துப் பழக்கம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அலை படகைத் தூக்கி முறுக்கும்போது ஆணி அடித்த இடத்தில் முழு விசையும் ஒரே புள்ளியில் குவிந்து மெல்லிய மரத்தைப் பிளக்கும். உப்புநீரில் ஆணி துருப்பிடிக்கவும் செய்யும். கயிற்றுக் கட்டு துளி நெகிழ்ந்து கொடுத்து, விசையைச் சட்டம் முழுவதும் பரப்பிவிடுகிறது. அலூசியன் தீவு மக்கள் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். ரஷ்யர்கள் பைதார்க்கா என்று அழைத்த அவர்களுடைய படகில் அடிச்சட்டமே மூன்று துண்டு. துண்டுகள் சேரும் இடத்தில் அசைவுக்கு இடம் விட்டு, மரம் மரத்தோடு உரசித் தேயாதபடி எலும்பாலோ தந்தத்தாலோ சில்லுகள் பதித்தார்கள். அலைக்கு ஏற்ப வளைந்து ஓடும் படகு அது.

சட்டம் ஆண்களின் வேலை என்றால் அதன் மேல் தோல் போர்த்துவது பெண்களின் வேலை. இந்தப் பாதி அதிகம் பேசப்படுவதில்லை. சீல் தோலின் மயிரை நீக்கி, ஈரமாக இருக்கும்போதே இழுத்துப் போர்த்தி, விலங்கு நரம்பு நூலால் இரட்டைத் தையல் போடுவார்கள். ஊசி தோலை முழுதாகத் துளைத்து வெளியே வராது. நரம்பு நூல் நீரில் ஊதித் துளையை அடைத்துக்கொள்ளும். தையல் விட்டுப்போனால் கணவனோ மகனோ வீடு திரும்பமாட்டான் என்று தெரிந்து தைத்த தையல் அது. தோல் நிரந்தரமில்லை, ஓரிரு ஆண்டுகளில் மாற்றியாக வேண்டும். ஒவ்வொரு முறை தோலை உரிக்கும்போதும் சட்டம் வெட்டவெளிச்சமாகும். ஒடிந்த விலாவை மாற்றலாம், தளர்ந்த கட்டை இறுக்கலாம், உட்காரும் இடத்தை நகர்த்தலாம்.

வட அமெரிக்கக் காடுகளின் பூர்ச்சமரப் பட்டைக் கனூவில் இந்த வரிசை தலைகீழ். அங்கே முதலில் பட்டையை விரித்து ஓரங்களை மடித்துத் தைக்கிறார்கள். விலாக்களைப் பிறகு உள்ளிருந்து நெருக்கிச் செருகி, பட்டையை விறைப்பாக்குகிறார்கள். இந்த அறிவு அழியாமல் நம் கைக்கு வந்ததில் எட்வின் டாப்பன் ஆட்னி என்ற ஒருவரின் பங்கு மிகப் பெரிது. கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் மாலிசீட் இனத்துக் கட்டுநர் ஒருவரிடம் இளவயதில் தொழில் கற்ற அவர், வாழ்நாள் முழுவதும் குறிப்பெடுத்தார். ஐந்தில் ஒரு பங்கு அளவில் நூற்றுக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் செய்தார். 1950இல் அவர் இறந்தபோது புத்தகம் முடிந்திருக்கவில்லை. ஹவார்ட் சாப்பெல் அதைத் தொகுத்து முடிக்க, 1964இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்டது. இன்றும் பட்டைக் கனூ கட்டுகிறவர்கள் முதலில் புரட்டுவது அந்தப் புத்தகத்தைத்தான்.

தேவை மாறியபோதெல்லாம் படகும் மாறியது. கிரீன்லாந்துக்குத் துப்பாக்கி வந்ததும், குறிபார்க்கும் நேரத்தில் படகு திரும்பிவிடாமலிருக்கக் கழற்றி மாட்டும் சிறிய துடுப்புப் பலகையைப் பின்முனையின் அடியில் பொருத்தினார்கள். வேட்டைக்காரரை மறைக்க முன்முனையில் வெள்ளைத் திரை கட்டினார்கள். அலூசியன் தீவுகளில் மாற்றம் வலியோடு வந்தது. கடல்நீர்நாய்த் தோலுக்காக ரஷ்ய வணிகர்கள் அம்மக்களைக் கட்டாய வேட்டையில் இறக்கினார்கள். அதிகாரிகளையும் பாதிரியார்களையும் நடுவில் உட்காரவைத்து ஓட்டிப்போக மூன்று பேர் உட்காரும் மூன்று துளைப் படகு பெருகியது அந்தக் காலத்தில்தான்.

எனக்கு மிகவும் பிடித்த திருத்தக் கதை ஸ்காட்லாந்தில் நடந்தது. 1959இல் கிளாஸ்கோ மாணவர் கென் டெய்லர் மேற்கு கிரீன்லாந்தின் இல்லோர்சூட் கிராமத்தில் தங்கினார். இமானுவேலெ கோர்னெலியுசென் அவர் உடம்புக்கு ஏற்ப ஒரு கயாக் கட்டிக் கொடுத்தார். அது ஸ்காட்லாந்துக்கு வந்தது. டங்கன் வின்னிங் அதை அளந்து வரைபடமாக்கினார். வரைபடம் ஜெஃப் பிளாக்ஃபோர்டிடம் போனது. அவருக்கு அந்தப் படகு பொருந்தாது. தயங்காமல் பெரிதாக்கி ஒட்டுப்பலகையில் ஒன்று கட்டினார். அதுவே பிறகு அனாஸ் அக்யூட்டா என்ற பெயரில் ஃபைபர்கிளாஸ் படகாக விற்பனைக்கு வந்தது. அதன் வழித்தோன்றலான நார்ட்காப்பில் ஏறித்தான் 1977இல் பிரிட்டிஷ் குழு ஒன்று கேப் ஹார்ன் முனையைச் சுற்றியது. இல்லோர்சூட்டில் ஒரு மாணவரின் தொடைக்காக எடுத்த அளவு இத்தனை தூரம் போயிருக்கிறது. வின்னிங்கின் வரைபடத்தைப் பூஜை அறையில் வைப்பது போல் வைத்திருந்தால் இது நடந்திருக்காது.

அதே துணிச்சல் ஜார்ஜ் டைசனுக்கும் இருந்தது. இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசனின் மகனான இவர், 1970களில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் டக்ளஸ் ஃபர் மரத்தின் மேல் 95 அடி உயரத்தில் வீடு கட்டி வாழ்ந்துகொண்டே பைதார்க்காக்களைக் கட்டினார். மரத்துக்குப் பதில் அலுமினியக் குழாய், கடற்சிங்கத் தோலுக்குப் பதில் செயற்கைப் பொருள். ஆனால் இணைப்புகளைக் கயிற்றாலேயே கட்டினார். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்ற தெளிவு அதில் இருக்கிறது.

நகலெடுப்பதும் வீண் வேலை என்று சொல்லமாட்டேன். அமெரிக்காவின் போர்ட்லாந்தில் ஹார்வி கோல்டன் அருங்காட்சியகப் படகுகளை அளந்து, அப்படியே கட்டி, நீரில் ஓட்டிப் பார்க்கிறார். பழைய வடிவம் ஏன் அப்படி இருந்தது என்பதை அறிய அதைவிடச் சிறந்த வழி இல்லை. கேள்விக்கு விடை தேடும் படகு அது. கடலுக்குப் போகும் படகு போகிறவருக்குப் பொருந்த வேண்டும்.

இன்று கட்டுகிறவர்கள் விளிம்புச் சட்டத்துக்குச் செடார் அல்லது ஸ்புரூஸ், விலாவுக்குப் பச்சை ஓக் அல்லது ஆஷ், கட்டுக்கு மெழுகு பூசிய பாலியஸ்டர் நூல் எடுத்துக்கொள்கிறார்கள். போர்வை நைலான் அல்லது பாலியஸ்டர் துணி. மேலே பாலியூரித்தேன் பூச்சு. நைலான் உரசலை நன்றாகத் தாங்கும், ஆனால் ஈரத்தில் சற்றுத் தொய்யும். பாலியஸ்டரைச் சூடு காட்டி விறைப்பாக்கலாம். இப்படிக் கட்டிய படகு பல நேரங்களில் 15 கிலோவுக்குள் அடங்கும். ஃபைபர்கிளாஸ் கடல் கயாக் 25 கிலோவைத் தொடும்.

திருத்தம் எதுவானாலும் துணி போர்த்தும் முன் செய்வது நல்லது. வெறும் சட்டத்துக்குள் காலை நீட்டி உட்கார்ந்து பார்க்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து பழகியவர்களுக்குப் பின்தொடை விறைத்திருக்கும், முட்டி தாழாது. அவர்களுக்கு மாசிக்கை ஓரிரு சென்டிமீட்டர் உயர்த்தலாம். பாதம் பெரியதென்றால் முன்பக்கக் குறுக்குச் சட்டம் ஒன்றை நகர்த்தலாம். ஐந்து நிமிடம் போதாது. ஒரு மணி நேரமாவது உட்கார்ந்திருந்து, கால் மரத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே துணியை வெட்ட வேண்டும்.