கண் மஞ்சளான பிறகு இலை பறிக்கப் போகாதீர்கள்

மொட்டை மாடித் தொட்டியில் புதினா, கொத்தமல்லி, துளசி, கற்பூரவல்லி வளர்ப்பது நல்ல பழக்கம். ரசத்தில் கிள்ளிப் போடும் இலையால் யாருக்கும் கெடுதல் வருவதில்லை. அதே இலையை அரைத்து, வெறும் வயிற்றில் தினம் ஒரு டம்ளர் குடிக்கத் தொடங்கும்போது நிலைமை மாறிவிடுகிறது. காமாலை நோயாளிகளில் பலர் இரண்டு மூன்று வாரம் இலைச்சாறும் பத்தியமுமாகக் கழித்துவிட்டு, பிதற்றலும் மயக்கமுமான நிலையில்தான் மருத்துவமனைக்குத் தூக்கி வரப்படுகிறார்கள். சமையல் அளவில் எடுத்தால் இலை உணவு. மருந்து அளவில் எடுத்தால் மருந்துக்குள்ள ஆபத்துகள் எல்லாம் அதற்கும் உண்டு.

கீழாநெல்லியின் புகழ்

"கீழாநெல்லி குடித்தவர்கள் குணமாகியிருக்கிறார்களே" என்பார்கள். உண்மைதான். ஆனால் நம் ஊரில் பரவலாக வரும் ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். அந்த வாரங்களில் எதைக் குடித்திருந்தாலும் பெயர் அதற்குப் போய்விடும். ஆராய்ச்சியே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 1988இல் சென்னை ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி கிருமியை நெடுங்காலம் உடலில் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லி வகைச் செடியின் பொடியைக் கொடுத்து, 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் இரத்தத்தில் மறைந்ததாக 'லான்செட்' இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. பித்தக்குழாயில் கல்லோ கட்டியோ அடைத்து வரும் காமாலையும், எலிக்காய்ச்சலில் வரும் காமாலையும் வேறு நோய்கள். அடைப்பை எந்தச் சாறும் கரைக்காது. கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் ஈ வந்தால் உயிருக்கே ஆபத்து. மூக்கில் சாறு விடுவதும், கையில் சூடு வைப்பதும், சோர்ந்த உடலைப் பத்தியம் என்று பட்டினி போடுவதும் தயவுசெய்து வேண்டாம். எந்தக் காமாலை என்பதை இரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் சொல்லிவிடும்.

இயற்கை என்றால் தீங்கில்லையா?

கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் கஷாயம் வீடுவீடாகக் கொதித்தது. சீந்தில் எடுத்தவர்களில் 6 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு கண்டதாக மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். அது சீந்திலாக இருக்காது, அதைப் போன்ற வேறொரு கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அப்படியே இருக்கட்டும். மாற்றுக் கொடி இவ்வளவு எளிதாக உள்ளே நுழையும் என்றால், வேலியில் அறுத்து வரும் கொடியை நாம் எதை நம்பிக் குடிக்கிறோம்? பூச்சிக்கும் பாம்புக்கடிக்கும் கொடுக்கப்படும் ஆடுதீண்டாப்பாளையில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். இந்த இரண்டும் ஐயமற நிறுவப்பட்டவை.

பாட்டிலுக்குள் வளரும் நஞ்சு

சமையலுக்குப் பறித்து மீதமான இலையைப் பாதுகாப்பதிலும் கவனம் வேண்டும். பச்சைப் பூண்டையும் இலைகளையும் எண்ணெயில் ஊறப்போட்டு அலமாரியில் வைக்கும் வழக்கம் இப்போது பரவுகிறது. மண்ணிலிருந்து ஒட்டி வரும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமிக்குக் காற்றுப் புகாத எண்ணெய் வசதியான இடம். 1985இல் கனடாவின் வான்கூவரில், எண்ணெயில் போட்ட பூண்டில் வளர்ந்த இந்தக் கிருமியின் நஞ்சால் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். கொதிக்க வைத்தாலும் இந்தக் கிருமியின் விதைத்துகள் சாகாது. புளியும் உப்பும் தூக்கலாகச் சேர்த்து, நீர் வற்றச் சுருளக் கிளறிய நம் தொக்கில் இந்தக் கிருமி வளராமல் இருப்பதற்குப் புளிப்பும் உப்பும் நீர் குறைவதும் சேர்ந்தே காரணம். புதினா, கொத்தமல்லியைக் கழுவாமல் துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, சமைக்கும்போது கழுவுங்கள். காய வைப்பதானால் நிழலில், கையில் நொறுங்கும்வரை காய வேண்டும். ஈரம் மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும். பொட்டுலினம் கிருமியின் விதைத்துகள் தேனிலும் இருக்கக்கூடும். ஆகவே ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் துளசிச் சாறில் தேன் குழைத்துத் தராதீர்கள்.

ஒரு வேண்டுகோள்

கண்ணில் மஞ்சள் தெரிந்த அன்றைக்கே மருத்துவமனைக்கு வாருங்கள். வாந்தி நிற்காவிட்டாலோ, பேச்சு குழறினாலோ, ஈறில் இரத்தம் கசிந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். என்ன குடித்தீர்கள் என்பதை மறைக்காதீர்கள். அந்த இலையில் ஒரு கொத்தைக் கையோடு எடுத்து வாருங்கள்.