காது களைத்தால் பாட்டும் கெடும்: வீட்டு ஒலிப்பதிவும் செவிப்புலனும்



நீரிழிவு, கொலஸ்ரரோல், இரத்த அழுத்தம் என்று எழுதும் இந்தப் பக்கத்தில் இம்முறை ஸ்பீக்கர், ஹெட்போன் பற்றி எழுதுவதைப் பார்த்து, டொக்டர் தொழிலை மாற்றிவிட்டாரோ என்று சிலர் நினைக்கக்கூடும். காரணம் இருக்கிறது.

சில காலத்துக்கு முன் மேற்கு சிட்னியில் வசிக்கும் ஓர் இளைஞர் தகப்பனாருடன் என்னிடம் வந்தார். (அவர்களின் அனுமதியுடன், சில விபரங்களை மாற்றியே எழுதுகிறேன்.) "அங்கிள், காதுக்குள்ள கீ என்று ஒரு சத்தம். படுத்தால் கூடக் கேட்குது" என்றார். தகப்பன் இடைமறித்து, "இரவிரவாக ஹெட்போனைப் போட்டுக்கொண்டு இருக்கிறான் டொக்டர், சொல்லிக் களைத்துவிட்டேன்" என்றார். தம்பி பாட்டுக் கேட்பதற்காக அதைப் போடுவதில்லை. தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகள் பாடிய பாடல்களைத் தன் படுக்கையறையில் கணினி மூலம் ஒலிப்பதிவு செய்து, குரலையும் மிருதங்கத்தையும் வயலினையும் கலந்து சீர்செய்கிறார். பகலில் வேலை, இரவில் இது.

பேச்சுவாக்கில் இன்னொரு கவலையையும் சொன்னார். அறையில் நன்றாகக் கேட்ட பாட்டு, மண்டபத்தில் போட்டபோது காதைக் குத்தியதாம். முன் வரிசையில் இருந்த ஆச்சிமார் காதைப் பொத்தினார்களாம். ஸ்பீக்கர் சரியில்லை, இரண்டாயிரம் டொலருக்குப் புதிது வாங்க வேண்டும் என்றார். இரைச்சல் வைத்தியருக்கு, ஸ்பீக்கர் கடைக்காரருக்கு என்று அவர் பிரித்து வைத்திருந்தார். என் கணிப்பில் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

எமது உட்காதில் நத்தை ஓடுபோல் சுருண்ட ஒரு பகுதி உண்டு. ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் அதற்குள் வரிசையாக நிற்கின்றன. ஒலியின் அசைவை நரம்புச் செய்தியாக மாற்றுபவை இவைதான். கோழிக்கும் மீனுக்கும் இவை அழிந்தால் திரும்ப முளைக்கும், மனிதருக்கு முளைக்காது. நீண்ட நேரம் உரத்த ஒலியைக் கேட்டால் இவை முதலில் களைத்துப்போகும். முக்கியமாக 4,000 ஹேர்ட்ஸ் அதிர்வெண்ணை அண்டிய பகுதி. (நாங்கள் பாடசாலையில் மீடிறன் என்று படித்ததுதான் இந்த அதிர்வெண்.) அந்த நேரத்தில் காது தற்காலிகமாக மந்தமாகும். கச்சேரியோ பார்ட்டியோ முடிந்து வெளியே வரும்போது பஞ்சு அடைத்ததுபோல் இருக்குமே, அதுதான். ஒன்றிரண்டு நாளில் தெளிந்துவிடும். ஆனால் 2009 இல் அமெரிக்காவில் குஜாவா, லிபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளில் காட்டியது வேறு கதை. பரிசோதனையில் செவிப்புலன் முழுதாகத் திரும்பிய பிறகும், கலத்துக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் கணிசமான பகுதி நிரந்தரமாக அறுந்திருந்தது. ஆகவே தெளிந்துவிட்டது என்று நாம் நினைப்பது எப்போதும் முழு உண்மையாக இருக்க வேண்டியதில்லை.

இப்போது தம்பியின் அறைக்கு வருவோம். இரவு பத்து மணிக்கு உட்காருகிறார். பன்னிரண்டு மணியளவில் காது களைத்து, 4,000 ஹேர்ட்ஸ் பகுதி மங்கலாகிறது. குரல் தெளிவாக இல்லையே என்று நினைத்து அந்தப் பகுதியைக் கூட்டுகிறார். பிறகு மொத்தச் சத்தத்தையும் கூட்டுகிறார். ஒரு மணிக்கு இன்னும் கொஞ்சம். பாட்டு மங்கவில்லை, மங்கியது காது. இல்லாத குறையைத் திருத்தித் திருத்தி, களைக்காத காதுகளுடன் மண்டபத்தில் இருந்த ஆச்சிமாரைக் குத்தும் ஊசியாக்கிவிட்டார்!

இதில் இன்னொரு பொறியும் உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிளெச்சர், மன்சன் என்ற இருவர் 1933 இல் வெளியிட்ட அளவீடுகள் காட்டியது இது: மனிதக் காது எல்லா அதிர்வெண்களையும் சமமாகக் கேட்பதில்லை, அந்தச் சமமின்மையும் சத்த அளவோடு மாறுகிறது. மெதுவாகக் கேட்டால் கனத்த ஒலி ஒடுங்கிப்போகும். உரக்க வைத்தால் அதே ஒலி பெருகி வரும். உரக்க வைத்துக் கலப்பவர் மிருதங்கத்தின் தொப்பி போதும் போதும் என்று குறைத்துவிடுவார். அதையே வீட்டில் அம்மா சமைக்கும்போது மெதுவாகப் போட்டால் தொப்பியைக் காணோம்.

தொழில்முறைக் கலையகங்களில் இதற்காகவே சத்த அளவை ஓரிடத்தில் கட்டி வைக்கிறார்கள். திரைப்பட ஒலிக்கலவை அரங்குகளில் ஓர் அளவீட்டு ஒலியை ஓடவிட்டு, ஒவ்வொரு பிரதான ஸ்பீக்கரும் 85 டெசிபல் காட்டும்படி நிறுத்துவது வழக்கம். சிறிய அறைக்கு இதைவிடப் பத்து டெசிபல் அளவில் குறைத்தே வைப்பார்கள். ஏ. ஆர். ரகுமானின் பாடல்களில் பலவற்றை ஒலிப்பதிவு செய்தவர், 2008 இல் காலமான எச். சிறீதர். எமது மக்களின் இடப்பெயர்வைப் பேசிய 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்துக்காக, இன்னொருவருடன் சேர்ந்து இந்தியாவின் தேசிய விருது பெற்றவர். எங்கள் பிள்ளைகள் அந்தப் படத்தின் ஒலியைப் புகழ்கிறார்கள், அவர் வைத்திருந்த கருவிகளின் விலையைத் தேடுகிறார்கள். அந்தத் தொழிலில் காதுதான் முதல் கருவி என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

அறையும் சும்மா இருப்பதில்லை. மூன்று மீற்றர் இடைவெளியில் எதிரெதிரே இரண்டு வெறும் சுவர்கள் நின்றால், 57 ஹேர்ட்ஸ் அளவிலான கனத்த ஒலி அவற்றுக்கிடையே முட்டி மோதி நிற்கும். சுவரோரம் அது இடிபோல் கேட்கும். அறையின் நடுவில் காணாமல் போகும். எனவே ஸ்பீக்கரை மூலைக்குள் தள்ளாமல் சுவரிலிருந்து சற்று முன்னே இழுக்கவேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் ஒரு சமபக்க முக்கோணமாக அமையட்டும். உயர்ந்த ஒலி வரும் சிறிய வட்டம் காது மட்டத்தில் இருக்கவேண்டும். புத்தகம் நிறைந்த அலுமாரி, தடித்த திரைச்சீலை, கட்டில் மெத்தை எல்லாம் உதவும். தம்பியின் மேசை அறையின் ஒரு மூலையில் இருந்தது. ஒரு ஸ்பீக்கருக்குப் பின்னால் சுவர், மற்றதுக்குப் பின்னால் ஜன்னல். இரண்டாயிரம் டொலர் ஸ்பீக்கரையும் அங்கேதான் வைத்திருப்பார்.

ஹெட்போனில் அறையின் தொல்லை இல்லை என்பது உண்மை. ஆனால் ஸ்பீக்கரில் இடப்பக்க ஒலி வலக்காதுக்கும் கொஞ்சம் போகும், ஹெட்போனில் போகாது. அதனால் பாடகர் தலைக்குள் இருந்து பாடுவதுபோல் இருக்கும். இடம் வலம் எல்லாம் மிகையாகப் பிரியும். பாடுகிறவருக்கு, சத்தம் மைக்கினுள் கசியாத மூடிய ஹெட்போன் வேண்டும். கலப்பவருக்குப் பின்புறம் திறந்த வகை நல்லது. மூக்குக்கண்ணாடித் தண்டும் பெரிய தோடும் ஹெட்போன் மெத்தையைத் தூக்கினால், அந்த இடைவெளியால் கனத்த ஒலி வெளியேறிவிடும். கண்ணாடி போடும் பிள்ளைகள், அதைக் கழற்றியும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இங்கே ஒரு சிறு கதை. இன்னொருவர், இவரும் இசை ஆர்வலர், இடப்பக்க ஸ்பீக்கர் பழுது என்று இரண்டு முறை கடைக்குக் கொண்டுபோய் மாற்றியிருக்கிறார். காய்ச்சலுக்கு என்னிடம் வந்தபோது காதைப் பார்த்தேன். இடக்காதில் குறும்பி கல்லுப்போல் அடைத்திருந்தது. அதை எடுத்ததும் ஸ்பீக்கர் குணமாகிவிட்டது! தயவுசெய்து பஞ்சுக்குச்சியால் தோண்டாதீர்கள். அது குறும்பியை இன்னும் உள்ளே தள்ளும். காய்ச்சிய நல்லெண்ணெய் விடுவதும் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குள் இறங்கும். சூடான எண்ணெய் சுட்டும்விடும்.

தகப்பனாரின் பங்கை இன்னும் சொல்லவில்லை. மகன் ஒவ்வொரு பாட்டையும் முதலில் அப்பாவுக்குத்தான் போட்டுக் காட்டுவார். அவர் "சொல் விளங்கேல்லையடா, இன்னும் கூராக வை" என்பாராம். மகனும் கூர்மையைக் கூட்டுவார். நான் அவரையும் பரிசோதனைக்கு அனுப்பினேன். இரு காதிலும் உயர்ந்த அதிர்வெண்கள் நன்றாகவே குறைந்திருந்தன. ச, த, க போன்ற மெய்யெழுத்துகளின் அடையாளம் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அது குறைந்தவருக்குச் சத்தம் கேட்கும், 'காசு' என்றீர்களா 'காது' என்றீர்களா என்பது விளங்காது.

எனக்கும் இது தெரியும். என் இடக்காதின் வரைபடத்தில் 4,000 ஹேர்ட்ஸில் ஒரு பள்ளம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வீட்டுக்குப் பக்கத்தில் விழுந்த ஷெல் தந்தது. எங்கள் வயதில் ஊரிலிருந்து வந்த பலரிடம் இதைக் காண்கிறேன். கேட்டால், "வயசுதானே டொக்டர்" என்பார்கள். அதே காலத்தில், 1990களின் தொடக்கத்தில், மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ கேட்டோம். சத்தம் கொஞ்சம்தான் வரும். ஏழெட்டுப் பேர் மூச்சுவிடாமல் சுற்றியிருந்து கேட்போம். ஒரு சொல் தவறாது.

யுத்தத்தில் காது போவது எமக்கு மட்டும் நடந்ததல்ல. 1947 இல் சிட்னியில் கொமன்வெல்த் ஒலியியல் ஆய்வுகூடம் அமைக்கப்பட்டதற்கான காரணங்கள் இரண்டு: தாய்க்கு ஏற்பட்ட ருபெல்லாவால் காது கேளாமல் பிறந்த குழந்தைகள், போரில் செவிப்புலன் இழந்து திரும்பிய படையினர். இன்று அது தேசிய ஒலியியல் ஆய்வுகூடம் என்ற பெயரில் மக்குவாரி பல்கலைக்கழக வளாகத்தில் இயங்குகிறது. காது கேட்கும் கருவிகளை ஒவ்வொருவருக்கும் பொருத்தமாக அமைக்க அவர்கள் உருவாக்கிய கணிப்புமுறையை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். பென்ஷன் சலுகை அட்டை உள்ளவர்களுக்கும், செவிப்புலன் குறைந்த 26 வயதுக்குட்பட்ட குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிடம் பெற்றவர்களுக்கும் அரசாங்கத்தின் செவிப்புலன் சேவைத் திட்டத்தில் உதவி உண்டு. எங்கள் ஆட்கள் கண்ணாடிக்கு வெட்கப்படுவதில்லை; காதுக் கருவிக்கு மட்டும் ஏனோ வெட்கப்படுகிறார்கள்.

தம்பிக்கு நான் சொன்னதை இங்கும் சொல்கிறேன். அவுஸ்திரேலிய வேலைத்தல விதிகளின்படி எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல்தான் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88க்கு நாலு மணித்தியாலம், 91க்கு இரண்டு, 94க்கு ஒன்று, 100க்கு வெறும் 15 நிமிடம். தொலைபேசி, ஹெட்போன் போன்றவற்றில் கேட்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வகுத்த அளவு இன்னும் இறுக்கமானது: வளர்ந்தவருக்கு வாரம் 40 மணித்தியாலத்துக்கு 80 டெசிபல், சிறுவருக்கு 75. ஐபோன் வைத்திருப்பவர்கள் நியோஷ் என்ற அமெரிக்க அரச நிறுவனத்தின் ஒலிமானிச் செயலியை இலவசமாகப் பெறலாம். உட்காரும் இடத்தில் ஸ்பீக்கரின் சத்தம் 75 அளவில் வரும்படி வைத்து, குமிழில் ஒரு கோடு போடுங்கள். ஹெட்போனின் சத்தத்தைப் போனால் சரியாக அளக்க முடியாது. அதே பாட்டை ஸ்பீக்கரிலும் ஹெட்போனிலும் மாறி மாறிக் கேட்டு, இரண்டும் ஒரே சத்தமாகத் தோன்றும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் எழும்பிப் போங்கள். நன்கு பழகிய ஒரு நல்ல பாட்டை அதே சத்தத்தில் இடையிடையே போட்டு ஒப்பிடுங்கள். சற்று உரத்தது எதுவும் நல்லதாகத் தோன்றும், ஏமாறவேண்டாம். இரவில் செய்ததை முடிவாக அனுப்பாமல் காலையில் ஒருமுறை, பிறகு காரில் ஒருமுறை கேளுங்கள்.

ஒரு விடயத்தில் மட்டும் பொறுத்திருக்கக் கூடாது. ஒரு காது திடீரென்று, சில மணித்தியாலங்களிலோ ஓரிரு நாட்களிலோ கேளாமல் போனால், தடிமன் என்று நினைத்து ஒரு வாரம் இருந்துவிடாதீர்கள். அன்றே வைத்தியரைப் பாருங்கள். ஸ்ரீரொயிட் சிகிச்சையை முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலனுக்கு வாய்ப்பு அதிகம். ஒரு காதில் மட்டும் தொடரும் இரைச்சல், நாடித்துடிப்போடு சேர்ந்து வரும் இரைச்சல், இரைச்சலோடு தலைசுற்று, இவற்றையும் காட்டவேண்டும்.

தம்பியின் பரிசோதனையில் 4,000 ஹேர்ட்ஸில் சிறிய இறக்கம் ஒன்று பதிவானது. மூன்று மாதத்துக்குப் பிறகும் அது அப்படியே இருக்கிறது, கூடவில்லை. கீ என்ற சத்தம் குறைந்திருக்கிறதே தவிர முற்றாகப் போகவில்லை. இரவில் மெல்லிய விசிறிச் சத்தத்தோடு படுக்கிறார். மேசையை மூலையிலிருந்து எடுத்து நீளமான சுவரின் நடுவில் போட்டிருக்கிறார். ஸ்பீக்கர் அதே பழைய ஸ்பீக்கர்தான், குமிழில் ஒரு பென்சில் கோடு. அடுத்த விழாவுக்கான பாட்டைத் தகப்பனார் இரு காதிலும் கருவியோடு கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, "வயலின் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றாராம்.