பேர் இல்லாத ராஜா!

மேட்டூர் டேம் ஃபுல்லா நிரம்பினா 120 அடி. அந்த நியூஸுக்கே நம்ம ஊர்ல பட்டாசு வெடிப்பாங்க. ஹவாய் பக்கம் கடலுக்குள்ள சில பேர் 300 அடி இறங்கி மீன் பிடிச்சுட்டு வர்றாங்க தெரியுமா? சும்மா இல்லீங்க, 'ரீபிரீதர்'னு ஒரு மெஷினை மாட்டிக்கிட்டு! நாம விடுற மூச்சுல இருக்கிற கார்பன்-டை-ஆக்ஸைடை மட்டும் வடிகட்டிட்டு, ஆக்ஸிஜன் சேர்த்து நமக்கே திருப்பிக் கொடுக்கும். நீர்க்குமிழி வராததால மீன் மிரளாது. 2016-ல அப்படி ஒரு குட்டி மீனைப் பிடிச்சு, ஒபாமா பேரையே வச்சுட்டாங்க. கீழே இருக்கிறது கொஞ்ச நேரம்தான். மேல வர்றதுக்கு மணிக்கணக்கா ஆகும். அவசரப்பட்டா ரத்தத்துல குமிழி கிளம்பி ஆளே காலி!

'நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? சேலம், நாமக்கல்ல முட்டையும் லாரியும்தானே'னு சலிச்சுக்காதீங்க பாஸ். நம்ம காவிரியிலயே ஒரு சூப்பர் ஸ்டார் இருக்கு. கூன் முதுகு மஹாசீர். கெண்டைக் குடும்பம்தான். ஆனா சைஸ்? 1946-ல மைசூரைச் சேர்ந்த வான் இன்ஜென் கபினி ஆத்துல தூண்டில் போட்டுப் பிடிச்சது 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. என் ரூம்மேட்டே அவ்வளவு இருக்க மாட்டான்!

இதுல காமெடி என்னன்னா, வெள்ளைக்காரன் காலத்துலேருந்து உலகமே தேடி வந்து பிடிச்ச இந்த மீனுக்கு உருப்படியா ஒரு அறிவியல் பேர் கிடையாது. வேற ஏதோ மீனோட பேரைத்தான் ஒட்டி வச்சிருந்தாங்க. 'பேர்ல என்ன இருக்கு'ன்னுதான் நானும் நினைச்சேன். ஆனா பேர் இல்லைன்னா, அழியப்போற உயிரினங்களோட 'ரெட் லிஸ்ட்'ல சேர்க்கவே முடியாதாம். ரேஷன் கார்டு இல்லாத மாதிரி!

இதுக்குள்ள ஆத்துல நிலைமை மோசமாயிருச்சு. டேம்கள் வழியை மறிச்சது, மணல் அள்ளினது, வெடி போட்டு மீன் பிடிச்சது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நல்லது பண்றோம்னு லோனாவாலா குஞ்சுப் பண்ணையில வளர்த்த நீலத் துடுப்பு மஹாசீரைக் கொண்டுவந்து காவிரியில விட்டாங்க. அது பெருகிருச்சு. ஆரஞ்சுத் துடுப்பு உள்ள நம்மாளு குறைஞ்சுட்டே போச்சு. 1998-லேருந்து 2012 வரைக்கும் தூண்டில்காரங்க எழுதி வச்ச கணக்கே இதைச் சொல்லுது. மீன்னா எல்லாம் மீன்தானேன்னு நினைச்சதோட விலை!

அப்புறம்தான் தேடல் ஆரம்பிச்சது. பாரதியார் பல்கலைக்கழகத்து மணிமேகலன், சென்னையைச் சேர்ந்த மார்கஸ் நைட், இங்கிலாந்துக்காரர் ஏட்ரியன் பிண்டர், இவங்களோட இன்னும் சில பேர். சிக்கினது மோயாறுல. யானையும் புலியும் தண்ணி குடிக்க வர்ற ஆறு அது. அங்கே கிடைச்ச மீனோட உருவத்தையும் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டாங்க. கேரளாவுல பாம்பாறுல குட்டி மீன்களை மட்டும் பார்த்து 2007-லயே 'டார் ரெமாதேவி'ன்னு பேர் வச்சிருந்தாங்களே, அதே இனம்! ஜூன் 2018-ல கட்டுரை வந்துச்சு. அதே வருஷம் நவம்பர்ல 'மிக மிக ஆபத்தான நிலை'ன்னு ரெட் லிஸ்ட்ல ஏறிடுச்சு. அந்தப் பேருக்குச் சொந்தக்காரர், சென்னையில இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்துல வேலை பார்த்த விஞ்ஞானி ரெமா தேவி.

பாம்பாறு அமராவதியில கலந்து, கரூர் பக்கம் காவிரிக்கு வருது. மோயாறு பவானிசாகர் வழியா பவானி ஆறா வந்து கூடுதுறையில சேருது. நம்ம குமாரபாளையம் அதுக்கு நேர் எதிர்க்கரைதான்! தினமும் காலேஜ் பஸ்ல தாண்டுற தண்ணி!

போன ஞாயித்துக்கிழமை மேட்டூர் போய், மீன் வறுவல் கடை அக்காகிட்ட, "ஆரஞ்சு வால் பெரிய கெண்டை வருமாக்கா?"ன்னு கேட்டேன். "அதெல்லாம் வர்றதில்ல கண்ணு. கட்லா, ரோகு, ஜிலேபிதான்"னாங்க. கூட வந்தவன் ஜிலேபியை மென்னுக்கிட்டே, "அந்த மீன் டேஸ்ட் எப்படிடா இருக்கும்?"னு கேட்டான். முறைச்சேன்.